வேளைக்காரர்: கடனும் அதன் எல்லையும்



சப்பானியரின் ‘சாமுராய்’ எனும் சொல், அருகிருந்து பணிபுரிதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. தலைவனுக்காக உயிரீதல் அதன்மேல் ஏறிய பொருள். சோழர் கல்வெட்டுகளில் நாம் காணும் ‘வேளைக்காரர்’ அத்தகையோரே. உற்ற வேளையில் உயிர் ஈவதாகச் சூளுரைத்தோர் என அறிஞர் விளக்குவர்.

ஆயினும், அவர்தம் பற்றுக்கும் எல்லை இருந்தது. இலங்கை வேந்தன் முதலாம் விசயபாகு சோழர்மேல் படைசெலுத்தப் பணித்தபோது, அவனிடம் ஊதியம் பெற்ற வேளைக்காரரே கிளர்ந்தெழுந்தனர் எனச் சூளவம்சம் கூறும். வேந்தன் அக்கிளர்ச்சியை ஒடுக்கினான். அவன் மறைவுக்குப் பின்னர், 12ஆம் நூற்றாண்டில், புத்தரின் திருப்பல் கோயிலைக் காப்போம் என வேளைக்காரப் படையினர் பொலன்னறுவையில் தமிழிலேயே கல்லிற் பொறித்தனர்.

இத்தகைய பற்றுக்குத் தமிழ் இட்ட பெயர் ‘செஞ்சோற்றுக்கடன்’. கடனெனில் கொடுத்தவரும் கொண்டவரும் உளர், அளவும் உண்டு. அடிமைக்கோ அளவில்லை.

ஹங் துவாவின் கதையைக் கற்பிக்குங்கால், நண்பனுக்கு இழைத்த அநீதி கண்டு சுல்தானை எதிர்த்த ஜெபாட் துரோகியா என மாணவர் வினவுவர். அவர்களை அடக்க வேண்டா. கடனின் எல்லை எது என அவர்களோடு சேர்ந்து ஆராய்வோமாக.