2030-ல் வேன் பிடிப்பதற்கு முன்னால்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் பேச்சுவாக்கில் ஒரு யோசனை வந்தது. 2030-ல் குறிஞ்சி பூக்கும், சங்கத்திலிருந்தே வேன் பிடித்துக் கொடைக்கானல் போய் வரலாம் என்றார்கள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போன பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. அதைச் சொல்லத்தான் இன்று பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். சாலையோரச் சரிவில் பூத்திருந்தது. வேனில் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கொத்து ஒடித்தார்கள். நானும் ஒடித்தேன். ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் பூவெல்லாம் வதங்கி உதிர்ந்துவிட்டது. வெறும் குச்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு கொத்துதானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீலக்குறிஞ்சி, நம் வீட்டுச் செம்பருத்தி மாதிரி இன்று பறித்தால் நாளை பூக்கிற செடி இல்லை. 12 ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டுக் காய்ந்துவிடும். 1994, 2006, 2018 என்று கணக்குத் தவறாமல் மலைச்சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூக்கிறது. பளியர் பழங்குடி மக்கள் இந்தப் பூப்பை வைத்தே வயதைக் கணக்கிட்டு வந்தார்கள். பூ விதையாவதற்கு முன் ஒடித்தால், 12 வருடச் சேமிப்பை முதிர்வு நாளில் வாங்கித் தெருவில் போட்டதற்குச் சமம்.

2024-ல் ஐ.யூ.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், நீலக்குறிஞ்சியைத் தன் சிவப்புப் பட்டியலில் 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற பிரிவில் சேர்த்தது. இதற்கு மேல் 'அருகிய இனம்', 'மிக அருகிய இனம்' என்று இரண்டு படிகள் உண்டு. அதற்குப் பிறகு அழிவுதான். வங்கியில் எந்தக் கணக்கும் ஒரே நாளில் வாராக்கடன் ஆகாது. முதல் தவணை தவறும்போதே எச்சரிக்கைப் பட்டியலில் ஏற்றுவோம். அப்போது கவனித்தால் மீட்டுவிடலாம். குறிஞ்சி இப்போது அந்த இடத்தில் இருக்கிறது.

இந்தச் செடி உலகத்திலேயே தென்னிந்திய மலைகளில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. நீலகிரி, மூணாறு, பழனி மலை, ஆனைமலை ஆகியவற்றில் 1,340 முதல் 2,600 மீட்டர் உயரத்துப் புல்வெளிகளே அதன் வீடு. கிழக்கே ஏற்காட்டிலும் கொஞ்சம் உண்டு. அந்த வாழிடத்தில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. தேயிலைத் தோட்டம் போட்டோம், கட்டடம் கட்டினோம். 'வெறும் புல்தானே' என்று சீகை மரமும் தைலமரமும் நட்டோம். அவை தாமாகவே பரவி மீதிப் புல்வெளியையும் மூடுகின்றன. வெயில் வேண்டிய செடி நிழலில் பிழைக்காது.

ஆக, பெரிய நஷ்டம் நாம் ஒடித்த கொத்தால் வந்ததல்ல. ஆனால் மீதி இருப்பதில்தான் நம் கை படுகிறது. அதை மறந்துவிடக் கூடாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மாடியில் நின்று மேற்கே பாருங்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆன மலை அது. நம் முடங்கியாறும் அய்யனார் கோயில் ஆறும் அங்கேதான் பிறக்கின்றன. எந்த மலையானாலும் உச்சியில் உள்ள புல்வெளியும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகின்றன. மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் வருவது அதனால்தான். கோடையில் குடத்தோடு காத்திருந்த தெரு நம் தெரு. நமக்கு இது புரியும்.

எனவே மூன்று வேண்டுகோள். ஒன்று, 2030-ல் போவோம், ஆனால் ஒரு பூவும் பறிக்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இப்போது இருக்கிறது. அதை அழிப்பது தண்டனைக்குரிய குற்றம். இரண்டு, போட்டோ எடுக்கச் செடிகளுக்குள் இறங்காமல் பாதையில் நின்றே பார்ப்போம். மூன்று, பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் வேனிலேயே திரும்பி வரட்டும். வேன் புறப்படும் முன் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

2030-ல் எனக்கு எழுபது தாண்டியிருக்கும். அதற்கடுத்து 2042. அப்போது பார்க்கப் போவது நம் பேரப்பிள்ளைகள். 2018-ல் நான் ஒடித்த கொத்தின் விதை 2030-ல் பூக்காது. அந்தக் கணக்கை இனி நேர்செய்ய முடியாது. அடுத்த கணக்கையாவது சரியாக வைப்போம்.