ஔவையும் கள்ளும்

மது ஆடவர்க்கே உரியது, பெண்ணுக்குத் தகாதது என்பது தொன்றுதொட்ட தமிழ் மரபென்று பலர் கருதுகின்றனர். சங்கப் புலவரான ஔவையாரோ வேறு சான்று தருகின்றார். (ஆத்திசூடி பாடிய ஔவை பிற்காலத்தவர்.) அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆவதாக உள்ளது. கள் சிறிதே கிடைத்தால் மன்னன் அதனைத் தமக்கே ஈந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் தாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்று நினைந்து வருந்துகின்றார். அங்கே கள் நட்பின் அடையாளம். நாணத்தின் நிழல்கூட இல்லை.

பிற்காலத்திலே இவ்வெண்ணம் சட்டமாகவும் ஆயிற்று. இலங்கையில் 1979ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலொன்று, பெண்களுக்கு மது விற்கலாகாது என விதித்தது. 2018 சனவரியில் நிதியமைச்சராயிருந்த மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே, அந்நீக்கத்தை மீளப்பெறுமாறு அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பணித்தார். பண்பாடு என்னும் சொல் அப்போது பெரிதும் பேசப்பட்டது.

குடித்து வரும் கணவனுக்குக் கதவு திறப்பவளும், அடகு வைத்த நகையை எண்ணி அழுபவளும் பெண்ணே. குடியின் கேட்டை அவளினும் நன்கறிந்தார் யார்? அவளுக்கே தன்னடக்கம் போதாதென்று எண்ணிய சட்டம், அவள் கணவனிடம் வயதை மாத்திரமே கேட்டது.