மூணு ஸ்டாப்வாட்ச், ஒரு சேலை

(இந்த எபிசோடில் பேசியது வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடில் ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு எழுந்திருக்கிறேன்னு ஒரு வரி சொன்னேன். உடனே நிறைய மெசேஜ். "ஜிம்மா? மாரத்தானா?" ரெண்டும் இல்லை. நான் ஒரு நீச்சல் கிளப்பில் பேரன்ட் வாலன்டியர்.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "உனக்குக் கல்யாணமே ஆகலையே, நீ எப்படி பேரன்ட்?" என் அக்கா பையனுக்கு 11 வயசு. அவன் நீந்துறான். அக்கா வர மாட்டா, அதனால் சித்தி போறேன். அக்கா ஏன் வர மாட்டாங்கிறதைக் கடைசியில் சொல்றேன். அந்தக் கதை சென்னையில் ஆரம்பிக்கலை, எங்க ஊர் காளையார்கோவிலில் ஆரம்பிக்குது.

சீசன்னா என்ன?

நகரத்தில் நீச்சலுக்கு சீசன் ஏப்ரல், மே. பள்ளி லீவு விட்டதும் சம்மர் கேம்ப் நிரம்பி வழியும். ஜூனில் பள்ளி திறந்ததும் பாதிப் பேர் காணாமல் போயிடுவாங்க. மிச்சம் இருக்கிறவங்கதான் கிளப். அவங்களுக்கு அப்புறம்தான் உண்மையான வேலை. நேரம் குறிச்சுப் பார்க்கிற டைம் டிரயல், மாவட்டப் போட்டி, அதைத் தாண்டினால் மாநிலப் போட்டி. முதலமைச்சர் கோப்பையிலும் நீச்சல் உண்டு. அதில் பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள், அரசு ஊழியர்னு 5 பிரிவு இருக்கு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி தமிழ்நாட்டில் நடந்தப்போ நீச்சல் வேளச்சேரியில்தான் நடந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டின வளாகம் அது. எங்க கிளப் பசங்க கேலரியில் உட்கார்ந்து பார்த்தாங்க. திரும்பி வர்றப்போ பஸ்ஸில் ஒருத்தரும் பேசலை. அடுத்த நாள் பயிற்சிக்கு ஒருத்தர்கூட லேட் இல்லை.

எங்க ஊரில் சீசன் இதற்கு நேர் எதிர். சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் மார்கழி, தையில்தான் தண்ணி நிறைஞ்சு நிக்கும். சித்திரையில் கண்மாய்க்குள்ளே கிரிக்கெட் ஆடுவோம். அதனால் நீச்சல் கத்துக்கிறது பொங்கல் லீவில், கிணத்தில். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை, இல்லைன்னா லாரி டியூப். கயித்தோட மறுமுனை படியில் உட்கார்ந்திருக்கிற பெரியப்பா கையில். அவர் யாருக்கும் கோச் கிடையாது, சம்பளமும் கிடையாது. தெருப் பிள்ளைங்க எல்லாரும் கரை ஏறுற வரைக்கும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

"வாலன்டியர்" என்ற வார்த்தையை நான் சென்னையில்தான் கேட்டேன். ஆளை அதுக்கு முன்னாடியே பார்த்திருக்கேன்.

ஒரு போட்டியை யார் நடத்துறாங்க?

டிவியில் நீச்சல் பார்க்கிறப்போ தொடுபலகை, மின்னணு கடிகாரம் எல்லாம் தெரியும். ஒரு கிளப் அளவுப் போட்டியில் அதெல்லாம் இருக்காது. ஆளுங்கதான் இருப்பாங்க. பிள்ளைங்களைப் பேர் கூப்பிட்டு வரிசையில் உட்கார வைக்க ரெண்டு பேர். திரும்புறப்போ சுவரைச் சரியாத் தொட்டாங்களான்னு பார்க்க ஆள். மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ரெண்டிலும் ரெண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடணும். ஒரு கை முந்தினால் தகுதி நீக்கம். அப்புறம் நேரத்தை எழுத, தட்டச்சு செய்ய, தண்ணி, குளுக்கோஸ் கொடுக்க ஆளுங்க. எல்லாத்துக்கும் மேலே ஒரு லேனுக்கு மூணு டைம்கீப்பர். 8 லேன்னா 24 பேர். இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தால் எந்தக் கிளப்பும் தாங்காது. அதனால்தான் பெற்றோர்.

அமெரிக்காவில் இருக்கிற என் காலேஜ் தோழி சொல்வா. அங்கே கோடைக்கால நீச்சல் லீக் நடத்துற நிறைய கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கிறப்பவே பெற்றோர் இத்தனை நாள் டூட்டி பார்க்கணும்னு எழுதி வாங்கிடுவாங்களாம். சில இடத்தில் முன்பணம் கட்டணும், டூட்டி பார்த்தால்தான் திரும்பக் கிடைக்கும். எங்க கிளப்பில் அப்படி இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்போம். 60 பேர் பார்ப்பாங்க, 9 பேர் கை தூக்குவாங்க, அதில் 7 பேர் அம்மாக்கள். அப்பாக்கள் கேலரியில் போனோட நிப்பாங்க. அவங்களைத் திட்டலை. கேட்கிற அப்பாக்கள் யாராவது இருந்தால், வீடியோவைப் பக்கத்து லேன் அப்பா எடுத்துக் கொடுப்பார், நீங்க கீழே இறங்கி வாங்க.

நான் செஞ்ச தப்பு

ஸ்டாப்வாட்ச் அமுக்குறது சுலபம்னு நானும் நினைச்சேன். முதல் நாள் தலைமை டைம்கீப்பர் எனக்குக் கேட்ட ஒரே கேள்வி: "சத்தம் கேட்டு அமுக்குவீங்களா, வெளிச்சம் பார்த்து அமுக்குவீங்களா?" 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் ரேஸ்னா பிள்ளைங்க அந்தக் கரையில் குதிப்பாங்க, நாம இந்தக் கரையில் நிப்போம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 50 மீட்டர் தாண்டி வர 0.15 நொடி ஆகும். சத்தத்தை நம்பினால் எல்லாருடைய நேரமும் அந்த அளவுக்குக் குறைஞ்சு காட்டும். நீச்சலில் மெடலும் மெடல் இல்லாததும் 0.01 நொடியில் பிரியலாம். அதனால் ஸ்டார்ட்டர் கருவியில் மின்னுற வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அமுக்கணும்.

இதெல்லாம் ஒழுங்காத்தான் கத்துக்கிட்டேன். தப்பு பண்ணினது வேற இடத்தில். போன சீசனில் ஒரு 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். பையனும் பொண்ணும் கலந்து ஓட விட்ட ரேஸ். எனக்கு 3-ஆம் லேன், என் அக்கா பையனுக்கு 6-ஆம் லேன். கடைசி 10 மீட்டரில் அவன் முந்தி வர்றான். என் கண் தானா அங்கே போயிடுச்சு. "வாடா, வாடா"ன்னு கத்துறேன். பக்கத்தில் ரெண்டு "டிக்" சத்தம் கேட்டுச்சு. அப்பதான் குனிஞ்சு பார்த்தேன். என் லேன் பொண்ணு சுவரைத் தொட்டு மூச்சு வாங்கிக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருக்கு. அப்புறம் அமுக்கினேன்.

மத்த ரெண்டு வாட்ச்சில் 36.42, 36.58. என்னுடையதில் 37.90.

எனக்குக் கை நடுங்கிடுச்சு. அந்தப் பொண்ணு விடியற்காலையில் எத்தனை மாசம் வந்திருக்கும்! சராசரி எடுத்தால் 36.97 வரும். பக்கத்து லேன் பொண்ணோட நேரம் 36.80. என் லேன் பொண்ணு முன்னாடி தொட்டும் பின்னாடி போயிடும். நான் பார்க்காததுக்கு அது தண்டனை அனுபவிக்கும்.

ஆனால் விதி சராசரி இல்லை. மூணு வாட்ச்சில் ரெண்டு ஒத்துப்போனால் அந்த நேரம். மூணும் வேற வேறன்னா நடுவில் வர்றது. ரெண்டு வாட்ச் மட்டும் இருந்தால்தான் சராசரி. ஆக அவளோட நேரம் 36.58. என் தப்பு கணக்கிலேயே வரலை.

ஆனாலும் மனசு கேட்கலை. போட்டி முடிஞ்சதும் அவங்க அம்மாகிட்ட போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவங்க 5-ஆம் லேனில் வாட்ச் பிடிச்சிட்டு வந்தவங்க. "விடும்மா, ஒருத்தர் கண்ணு போகும்னு தெரிஞ்சுதானே மூணு பேரை நிறுத்தியிருக்கு"ன்னாங்க. அன்னையிலிருந்து எங்க கிளப்பில் ஒரு ஏற்பாடு: சொந்தப் பிள்ளை நீந்துற ரேஸில் வாட்ச் கிடையாது. அந்த ரேஸுக்கு மட்டும் கேலரிக்குப் போய்க் கத்திட்டு வரலாம்.

ஒற்றை ஆள் நீச்சல்னு ஒண்ணு இல்லை

1994-இல் குற்றாலீஸ்வரன் 12 வயசில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். மிகிர் சென் 1966-இல் ஒரே ஆண்டில் 5 இடங்களில் நீந்தின சாதனையை, அதே 1994-இல் 6 நீந்தி முறியடிச்சார். நமக்கு அவர் பேர் மட்டும்தான் தெரியும். ஆனால் ஆங்கிலக் கால்வாயில் நீந்துறவர் பக்கத்தில் ஒரு படகு போயே ஆகணும். உணவைக் கோலிலோ கயித்திலோ நீட்டுவாங்க. நீந்துறவர் படகைத் தொட்டால் ஆட்டம் முடிஞ்சுது. தொடாத தூரத்தில், ஆனால் கை எட்டுற தூரத்தில் மணிக்கணக்கா ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கு. படியில் கயிறு பிடிச்ச பெரியப்பா வேலைதான் அது.

ஆனைமடு ஊர்

காளையார்கோவிலுக்குப் பழைய பேர் கானப்பேர். புறநானூற்றின் 21-ஆம் பாட்டில் அந்தக் கோட்டையைச் சுத்தியிருந்த ஆழமான அகழியைப் பத்தி வருது. கோயில் தெப்பக்குளத்துக்குப் பேரே ஆனைமடு, ஐராவதம் உண்டாக்கினதுன்னு சொல்வாங்க. தண்ணியை வச்சே பேர் சொல்ற ஊர். ஆனால் அந்தத் தண்ணி எல்லாருக்கும் இல்லை. வயசுக்கு வந்த பொண்ணுங்க கிணத்தில் இறங்கக் கூடாது. என் அக்கா தயங்கித் தயங்கி நிக்குறதுக்குள்ளே 12 வயசில் அவளுக்குக் கதவு சாத்தியாச்சு.

எனக்கு 9 வயசு இருக்கும். ஊருணிப் படியில் பாசி வழுக்கி உள்ளே போயிட்டேன். அக்காவுக்கு 14. படியில் நிக்குறா. நீச்சல் தெரியாது. வாயிலிருந்து சத்தமும் வரலை. துணி அலசிட்டிருந்த எங்க அப்பத்தாதான் கையில் இருந்த சேலையை ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் வீசினது. அப்பத்தாவுக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் உள்ளே குதிக்கலை. பல வருஷம் கழிச்சு உயிர்காப்புப் பயிற்சியில் முதல் பாடமா இதைச் சொல்லிக் கொடுத்தாங்க: கையில் கிடைச்சதை நீட்டு, எறி, கடைசி வரைக்கும் இறங்காதே. இறங்கிக் காப்பாத்தப் போய் ரெண்டு பேரும் போறதுதான் நாம பேப்பரில் படிக்கிற செய்தி.

2021-இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்தியாவில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேலே. பள்ளி வயசுப் பிள்ளைங்களுக்கு நீச்சலும், நீர்ப் பாதுகாப்பும், ஆபத்தில்லாமக் காப்பாத்துற முறையும் கத்துக்கொடுங்கன்னு அந்த நிறுவனம் பரிந்துரைக்குது. மூணும் சேர்த்து. நம்ம கிளப்புகள் முதலாவதில் மட்டும் நின்னுடுது.

போன பொங்கலுக்குப் பையனைக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனோம். குளத்தில் 50 மீட்டரைச் சும்மா நீந்துறவன் கரையில் நின்னுட்டான். "சித்தி, அடி தெரியலை. கோடும் இல்லை." பெரியப்பா அவனைப் பாராட்டினார். மண் அள்ளின பள்ளம் எங்கே இருக்குன்னு மேலே நின்னு பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணி அடுத்த அடியில் ரெண்டு ஆள் ஆழமாயிடும். மெடல் வாங்கினவனுக்கும் கண்மாய் புதுசுதான். அன்னைக்கு அவன் இறங்கினது கிணத்தில், இடுப்பில் கயித்தோட.

அக்கா அவனை 6 வயசிலேயே நீச்சலில் சேர்த்ததும், ஒரு போட்டிக்குக்கூட வராததும் ஒரே காரணத்தால்தான். தண்ணியில் பிள்ளைங்க தலை மறைஞ்சு வெளியே வர்ற அந்த ஒரு நொடியை அவளால் பார்க்க முடியாது.

இந்த சீசனில் ஒரு ஆள் குறைஞ்சது. குரூப்பில் யாரும் கை தூக்கலை. ராத்திரி 11 மணிக்கு அக்கா "நான் வரேன்"னு போட்டா. வந்தா. பையன் நீந்தாத ரேஸ், 2-ஆம் லேன். முழு நேரமும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. வலது கையில் வாட்ச். அவளோட நேரம்தான் நடுவில் வந்தது. பெண்கள் பேட்சில் சேர்றியான்னு கேட்டேன். இன்னும் பதில் சொல்லலை.

கேட்கிற உங்களுக்கு ஒண்ணு. ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அன்னைக்கு ஸ்டேட்டஸ் போட வேண்டாம். பக்கத்துக் குளத்தில் போய், "போட்டி நடக்கிறப்போ ஆள் வேணுமா?"ன்னு கேளுங்க. பிள்ளை இருக்கணும்னு அவசியம் இல்லை. கண்ணை லேனை விட்டு எடுக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த வாரம் பார்ப்போம்.