வாழையும் வேம்பும் நிறைகுடமும்



இவ்வரங்கின் வாயிலில் வாழை மரங்கள் இரண்டு நிற்கின்றன. மாவிலைத் தோரணம் அசைகின்றது. சென்ற பொங்கலன்று, காக்ஸ் டவுன் சந்தையில் வாங்கிய மஞ்சட் கொத்தினை நாம் பானையின் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது, நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி, “இஃது எதற்கு?” என வினவினாள். “வழக்கம், அம்மா” என்றோம். வேறு விடை நம்மிடம் இல்லை. அவ்வினா நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. பொருளறியாது போற்றும் வழக்கம் ஒரு தலைமுறை நிற்கும். அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். ஆகவே, அன்று கூறாத விடையை இன்று கூற விழைகின்றோம்.

தைத் திங்கள் அறுவடைக் காலம். புதுநெல்லும் கரும்பும் மஞ்சளும் ஒருங்கே வீடு வந்து சேரும். புண்ணுக்குப் பூசுவதும் மஞ்சளே. உணவிற் சேர்வதும் அதுவே. தாலிக் கயிற்றுக்கு நிறம் தருவதும் அதுவே. அன்றாடம் பயன்பட்ட பொருளே மங்கலப் பொருளாயிற்று.

வேம்பினைக் காண்போம். பாண்டியர் வேம்பும், சோழர் ஆத்தியும், சேரர் பனம்பூவும் சூடினர். போர்க்களத்தில் இன்னார் படை இன்னது என்று பிரித்தறிய இம்மலர்கள் உதவியதைத் தொல்காப்பியம் கூறுகின்றது. புண்பட்ட வீரன் கிடந்த மனையில் வேப்பிலை செருகிக் காத்ததைப் புறநானூறு காட்டுகின்றது. நம் அண்டை வீட்டுக் கன்னட மக்கள் யுகாதியன்று ‘பேவு பெல்ல’ உண்கின்றனர். சித்திரை முதல் நாளில் நாம் வேப்பம்பூப் பச்சடி உண்கின்றோம். வேம்பு அவர்க்குப் பேவு, வெல்லம் பெல்ல, வாழை பாளெ. மரமும் ஒன்று, சொல்லும் உறவு, வாழ்வு கசப்பும் இனிப்பும் கலந்தது என்னும் கருத்தும் ஒன்றே.

இந்நகரின் பெருவிழா கரகம். சித்திரைப் பருவ முழுநிலவில் தருமராயசாமி கோயிலினின்று, திகளர் குலத்தார் ஒருவர் பெண்கோலம் பூண்டு, கையால் தொடாமல் கரகத்தைத் தலையில் தாங்கி வருகின்றார். வழியில் மஸ்தான் சாகிபு தர்காவிலும் அது தங்கிச் செல்கின்றது. கரகம் என்னும் சொல் தொல்காப்பிய மரபியலிலேயே உள்ளது. அங்கு அது அந்தணர்க்குரிய நீர்க்கலம். நீர் முகக்கும் எளிய கலம் ஒரு நகரத்தையே ஒரே இரவில் ஒன்றுகூட்டுகின்றது என்றால், பொருள்களின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுமோ?

இறுதியாக வாழை. குலை ஈன்ற மரம் மாயும். அதன் அடியில் கன்று நிற்கும். அக்கன்றைப் பெயர்த்து வேற்று மண்ணில் நட்டாலும் வேர்கொள்ளும். 1809-ஆம் ஆண்டு அல்சூரை அடுத்துப் படைப்பாளையம் அமைந்த பின்னர், நம் முன்னோர் பலர் இங்கு வந்தனர். அவர்கள் பெயர்த்து நட்ட கன்றுகளே நாம். இம்மண் நம்மை ஏற்றுக்கொண்டது. தாய்மரம் யாதென நம் பிள்ளைகள் அறிவரோ என்பதே நம் கவலை.

எனவே வேண்டுவது ஒன்று. தோரணம் கட்டும்போது பிள்ளைகளை அருகழையுங்கள். இலையை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் வினவுமுன் பொருளைக் கூறுங்கள். தெரியாதெனில் தெரியாது என்று கூறி, அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அச்சிறுமியே மஞ்சட் கொத்தினைக் கட்டுவாள். நாம் அருகிருந்து விடை கூறுவோம்.

வாழையடி வாழையாய் நம் தமிழ் வாழ்க!