காருக்குள் இசை



சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதே நமது பிழைப்பு. ஆங்கிலத்தில் ஸ்பீக்கர் என்றும் ஆம்பிளிபையர் என்றும் வழங்கும் இரு வேறு கருவிகளையும் தமிழில் ஒலிபெருக்கி என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். ஏட்டளவில் இதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தக் காரில் இக்கருவிகளைப் பொருத்த முற்பட்டபோது, எது மின்சாரத்தை மிகுதியாக உண்பது, எது ஒலியைத் தருவது என்ற வேறுபாட்டை அறியாமையால் பேராபத்தின் விளிம்பு வரை போய்வந்தோம். அந்த அனுபவத்தையும், அதன்பின் கற்றுக்கொண்டவற்றையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை புதியதன்று. 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டார் வண்டிக்கென்று வானொலிப் பெட்டி செய்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயர் சூட்டி விற்றனர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறிய ஒலிநாடா, பிற்காலத்தில் வண்டிக்குள்ளும் இடம்பிடித்தது. இன்றோ கைப்பேசியில் உள்ள பாட்டுக் களஞ்சியம் முழுவதும் காருக்குள் வந்துவிடுகிறது. ஆயினும் விலை குறைந்த கார்களில் அமைந்துவரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மெல்லிய காகிதக் கூம்பும் சிறு காந்தமும் கொண்டவையே. பழைய கார் ஒன்றை வாங்கிய நமக்கும் அதுவே வாய்த்தது.

நம் தந்தையாருக்கு வயது எழுபத்தொன்பது. செவி சற்று மந்தம். ‘பாடுகிறார்கள் என்று தெரிகிறது, என்ன பாடுகிறார்கள் என்று தெரியவில்லை’ என்பார். ஆகவே ஒலியைக் கூட்டினால் போதும் என்று எண்ணினோம். கடைக்காரர் ஒருவர், ஆயிரம் வாட் என்று எழுதியிருந்த பெட்டியைக் காட்டி, பின்புறத்தில் பெரிய சப்வூபரும் அதற்கென ஓர் ஆம்பிளிபையரும் பொருத்தித் தந்தார். ஊர்ப்பெயரும் கடைப்பெயரும் இங்கே வேண்டா. விலை மலிவு, வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மகிழ்ந்தோம்.

மறுவாரம் தில்லியிலிருந்து மதுரா நோக்கிக் குடும்பத்துடன் புறப்பட்டோம். பல்வல் நகரைத் தாண்டியதும் ரப்பர் கருகும் நாற்றம். அடுத்த கணம் காலடியிலிருந்து புகை. வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தோம். முழங்கால் வலியுள்ள தந்தையாரை இறக்குவதற்குள் நெஞ்சு படபடத்த பாட்டைச் சொல்லி முடியாது. நல்லவேளையாக அருகே நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஸ்பானருடன் ஓடிவந்து பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். புகை அடங்கிற்று.

நடந்தது யாதெனில், பாட்டரியிலிருந்து ஆம்பிளிபையருக்குச் செல்லும் கம்பி, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டின் துளை வழியே வெறுமனே இழுக்கப்பட்டிருந்தது. ஓட்டத்தின் அதிர்வில் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்து, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. வழியில் பியூஸ் எதுவும் இல்லை. பன்னிரண்டு வோல்ட்டுத்தானே என்று காரின் பாட்டரியை நாம் எளிதாக நினைக்கிறோம். அது நம் கையைத் தொட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் நேரே இரும்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பி அடுப்பாகிவிடும்.

அதன்பின் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, விரலுக்குத் தகுந்த வீக்கம் என்ற முடிவுடன் 12,000 ரூபாய் ஒதுக்கினோம். கரோல்பாக் கடைத்தெருவில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்து, விலை கேட்டு, பொறுக்கி எடுத்தோம். காரோடு வந்த பழைய பாட்டுப் பெட்டியை மாற்றவில்லை. முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஓர் இணை 3,200 ரூபாய், சிறிய நான்கு வழி ஆம்பிளிபையர் 5,000, கம்பி, பியூஸ் வகையறா 1,300, கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் தாள் 1,500, கூலி 1,000. ஆகமொத்தம் கணக்கு நேராயிற்று.

இதில் கற்ற முதற்பாடம், பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்டை நம்பலாகாது என்பது. பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துக்களுடன் வரும் எண் விளம்பரத்திற்கானது. ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துக்களுடன் வரும் எண்ணே தொடர்ந்து தாங்கக்கூடிய ஆற்றலைக் காட்டுவது. மேலும், ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும். நம் செவிக்கு அது சிறு வேறுபாடே.

இரண்டாவது பாடம் கதவைப் பற்றியது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. கதவின் உட்தகட்டிலுள்ள பெருந்துளைகள் வழியே இவ்விரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகள் மறைந்துபோகும். அத்துளைகளைத் தாளால் மூடியதும், அதே ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி எழுந்து வந்தது. ஆனால் கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை மூடலாகாது. அவை மழைநீர் வடிவதற்கானவை. கண்ணாடியை முற்றும் இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் அது இடிக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு மலிவு ஸ்பீக்கர்களை மாட்டுவதைவிட இரண்டைச் செம்மையாகப் பொருத்துவதே மேல். அகல உழுவதினும் ஆழ உழு என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

மூன்றாவது பாடம் கம்பி. நமது ஆம்பிளிபையர் வழிக்கு ஐம்பது வாட்டாக மொத்தம் இருநூறு வாட் தருவது. வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 250 வாட். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் பதினான்கு வோல்ட் அளவில் இருக்குமாதலால், உச்ச நேரத்தில் பதினெட்டு ஆம்பியர் வேண்டும். அதற்கு எட்டாம் எண் செம்புக் கம்பியும் 25 ஆம்பியர் பியூசும் போட்டோம். கம்பியின் எண் குறையக் குறையப் பருமன் கூடும் என்பதை நினைவிற்கொள்க. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி விலை குறைவு. ஆனால் அது அதே பருமனில் செம்பளவு மின்சாரத்தைத் தாங்காது. பியூஸ் இருக்கவேண்டிய இடம் பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். அது காப்பது ஆம்பிளிபையரை அன்று, கம்பியை. தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. அதன் விலை மிக அற்பம். அது இல்லாததால் நாம் பட்டதை மேலே சொன்னோம்.

இன்னும் சில சொல்லவேண்டும். கறுப்பு நிலக்கம்பியை, வண்ணப்பூச்சைச் சுரண்டிய வெற்று இரும்பில் முடுக்கவேண்டும். இல்லையேல் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஓர் ஊளை பாட்டுடன் சேர்ந்துவரும். காரின் மூலக் கம்பிகளை வெட்டாமல், இணைப்புச் செருகியை வாங்கிப் பயன்படுத்துவது நலம். காற்றுப்பைக்குச் செல்லும் மஞ்சள் இணைப்புக்களைத் தொடவே கூடாது. இரு ஸ்பீக்கர்களின் கூட்டல் முனையும் கழித்தல் முனையும் ஒரே முறையில் இணைக்கப்படவேண்டும். ஒன்று மாறினாலும் தாழ்ந்த ஒலி வற்றிப்போகும். ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றை நொடிப்பொழுது முனைகளில் வைத்துப் பார்த்தால், முனைகள் சரியானபோது கூம்பு வெளியே எழும்.

ஒலியளவுக்கும் ஓர் எல்லை உண்டு. வாரத்திற்கு நாற்பது மணி நேரம் எண்பது டெசிபெல்லைக் கேட்கலாம் என்றும், தொண்ணூறு டெசிபெல்லாயின் நான்கு மணி நேரமே கேட்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மூடிய கண்ணாடிக்குள் தொண்ணூறைத் தொடுவது கடினமன்று. பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பான் நமக்குக் கேட்கவில்லையென்றால், எந்தக் கருவியும் இன்றியே எல்லை கடந்ததை அறியலாம்.

தந்தையாரின் குறைக்கு மருந்து உரத்த ஒலி அன்று என்பதும் பின்னரே விளங்கிற்று. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துக்களின் ஒலி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சப்வூபரின் முழக்கம் அவற்றை மேலும் மூடிவிட்டிருந்தது. இம்முறை தாழ்ந்த ஒலியைச் சற்றே தணித்து, உயர்ந்த ஒலியைச் சற்றே கூட்டிவைத்தோம்.

சென்ற மாதம் மீண்டும் மதுரா போனோம். பல்வலை நெருங்கியபோது நம் மூக்கு தானாகவே எதையோ தேடிற்று. தந்தையார் முன்னிருக்கையில் கண்மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, ‘சத்தத்தைக் கொஞ்சம் குறையப்பா, சொல்லெல்லாம் தெளிவாய்க் கேட்கிறது’ என்றார்.

காரில் இசைக்கருவி பொருத்தியிருக்கும் நேயர்கள் நாளைக் காலையில் எஞ்சின் மூடியைத் திறந்து, பாட்டரியருகே பியூஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவார்களாயின், இப்பேச்சு பயன்பட்டதாகக் கொள்வோம்.