தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது?

 

புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் பலர் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கிறார்கள். திடீரென்று தெரியாத சொல் ஒன்று வருகிறது. உடனே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். "இதெல்லாம் படித்தவர்களுக்குத்தான்" என்கிறார்கள்.

அது சரியல்ல. தெரியாத சொல் பட்டதாரிக்கும் வரும். பத்திரத்திலும் வங்கித் தாளிலும் உள்ள சொற்கள் பல இடங்களிலிருந்து வந்தவை. ஜாமீன், ஜப்தி, வசூல், பாக்கி, ரத்து ஆகியவை அரபு மொழியில் தோன்றி, ஆட்சியாளர்களின் வழியே தமிழுக்கு வந்தவை. இவற்றில் பல, கற்போரின் காதுக்கு முன்பே தெரிந்தவைதான். கண்ணுக்குத்தான் புதியவை. ஆகவே வாய்விட்டுப் படிப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத சொல்லைக் காது கண்டுபிடித்துவிடும்.

காதுக்கும் தெரியாத சொல்லாக இருந்தால்? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

ஒரு பெண்ணிடம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளைக் கொண்டுவருகிறார். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் அக்கா, போடுங்க" என்கிறார். அந்தப் பெண் படிக்கத் தெரிந்தவர். தாளை வாங்கிப் படிக்கிறார். அதில் இப்படி இருக்கிறது:

"கடன்தாரர் தவணை தவறினால், நிலுவைத் தொகை முழுவதையும் பிணையாளர் செலுத்தக் கடமைப்பட்டவர்."

முதல் வேலை, நடுவில் நிற்காமல் வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படிப்பது. கடன், தவணை, தொகை, செலுத்துதல் ஆகியவை அவருக்குத் தெரிந்த சொற்கள். ஆகவே இது பணம் கட்டுவது பற்றிய பேச்சு என்பது புரிந்துவிடுகிறது.

இரண்டாவது வேலை, அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்ப்பது. தவணை தவறினால் மிஞ்சுவது எது? கட்டாத பணம். அப்படியானால் நிலுவை என்பது பாக்கி.

மூன்றாவது வேலை, நீண்ட சொல்லைப் பிரிப்பது. தொழிலாளர், பணியாளர் என்பவற்றில் வரும் 'ஆளர்' என்பது ஆளைக் குறிக்கும். 'பிணை' என்றால்? மாடுகளைக் கயிற்றால் பிணைப்பது அவருக்குத் தெரியும். எனவே பிணையாளர் என்பவர் இந்தக் கடனோடு கட்டப்பட்ட ஆள்.

நான்காவது வேலை, கண்டுபிடித்த பொருளை வைத்து வாக்கியத்தைத் திரும்பப் படிப்பது. "கடன் வாங்கியவர் தவணை தவறினால், பாக்கி முழுவதையும் கடனோடு கட்டப்பட்டவர் கட்ட வேண்டும்." பொருள் பொருந்துகிறது. கையெழுத்துக் கோட்டின் கீழே 'பிணையாளர்' என்றுதான் இருக்கிறது. 'சாட்சி' என்று இல்லை.

சாட்சி, கையெழுத்து நடந்ததைப் பார்த்தவர். பிணையாளரோ ஜாமீன் நிற்பவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. ஒரு சொல் புரியாமல் கையெழுத்துப் போட்டால், வாங்காத கடனைக் கட்ட நேரும்.

சொல்லைப் பிரிப்பது மட்டும் போதாது. சில சமயம் அது ஏமாற்றும். மாத்திரை அட்டையில் 'காலாவதி' என்று இருக்கும். காலம், அவதி என்று பிரியும். அவதி என்றால் பேச்சில் துன்பம். ஆனால் இங்கே அவதி என்பதற்கு எல்லை, கெடு என்று பொருள். பக்கத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், மருந்தின் கெடு முடியும் நாள் என்று தெரிந்துவிடும். அதனால்தான் நான்காவது வேலையை விடக்கூடாது.

படமும் நிறமும் கூடப் பொருள் சொல்லும். பூச்சிமருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு இருந்தால் மிகக் கடுமையான விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை குறையும். பச்சை என்றாலும் விஷம் விஷம்தான்.

கதைப் புத்தகத்தில் ஊகம் தவறினால் நட்டமில்லை. தொடர்ந்து படிக்கலாம். ஆனால் கையெழுத்து, மருந்து, விஷம் ஆகிய மூன்றிலும் ஊகத்தோடு நிற்கக்கூடாது. கேட்டு உறுதி செய்ய வேண்டும். வங்கி அலுவலரையும் மருந்துக் கடைக்காரரையும் கேட்பது கற்போரின் உரிமை. அதில் வெட்கம் இல்லை.

அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடவில்லை. "தம்பி, இது சாட்சி இல்லை, ஜாமீன். வீட்டில் கலந்து பேசி, வங்கியிலும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

கற்போர் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு புதுச்சொல், அது வந்த வாக்கியம், அதன் பொருள் என எழுதலாம். ஓர் ஆண்டில் 365 சொற்கள் சேரும். அவை யாரும் பறிக்க முடியாத சேமிப்பு.