ஒரு மூட்டை யூரியாவும் ஓர் அதிபரின் ஓட்டமும்

இந்த எபிசோடைக் குடவாசல்ல இருந்து பேசுறேன். கும்பகோணத்துல இருந்து திருவாரூர் போற வழியில இருக்கிற ஊர். சுத்தி நெல் வயல். "ஊர் அரசியலும் பேசுற, உலக அரசியலும் பேசுற, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"னு சிலர் கேட்டிருந்தீங்க. ஓர் உர மூட்டையை வெச்சே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

2022 ஜூலை 9. கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகைக்குள்ள புகுந்தாங்க. நீச்சல் குளத்துல குதிச்ச வீடியோவை நாம எல்லாருமே ஷேர் பண்ணோம். நாலே நாள்ல கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போயிட்டார். நமக்கு அந்த நீச்சல் குளம் ஞாபகம் இருக்கு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி அங்க வயல்ல என்ன நடந்ததுன்னு பார்ப்போம்.

பத்து வருஷத்துல நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாத்துவேன்னு 2019 தேர்தல்ல அவர் வாக்குறுதி கொடுத்தார். ஆனா 2021 மே மாசமே ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்துடுச்சு. வெளியில சொன்ன காரணம் மக்கள் ஆரோக்கியம். உள்ளுக்குள்ள டாலர் கையிருப்பு கரைஞ்சுகிட்டு இருந்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்தாங்க. நவம்பர்ல தடையைத் தளர்த்தினப்போ பெரும்போகச் சாகுபடி தொடங்கியாச்சு. அரிசியில தன்னிறைவா இருந்த நாடு அரிசி இறக்குமதி பண்ணுச்சு. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி தர்றதா அறிவிச்சு, 2022 மே 18 அன்னிக்குச் சென்னையில இருந்து முதல் கப்பலை அனுப்புச்சு.

உரத்தடை மட்டுமே ஆட்சியைக் கவிழ்க்கல. கடன், வரிக் குறைப்பு, ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா எல்லாம் இருக்கு. ஆனா ஓட்டுப் போட்ட விவசாயியையே எதிரே நிறுத்தினது அந்த ஒரு அரசாணை.

அப்போ இயற்கை விவசாயம் தப்பா? இந்த டெல்டாவுல நின்னு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. நம்மாழ்வார் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டுக்காரர். நெல் ஜெயராமன் இதே திருவாரூர் மாவட்டத்துக் கட்டிமேடு. ரெண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும்னு வெச்சார். விரும்பினவங்க மாறினாங்க. முதல்ல கால் ஏக்கர்ல போட்டுப் பார்த்தாங்க. இலங்கையில அந்தக் கால் ஏக்கருக்குக்கூட அவகாசம் கொடுக்கல.

இப்போ நம்ம கதை. இங்க 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய். உக்ரைன் போரால உலக விலை ஏறினப்பவும் அதே விலைதான். வித்தியாசத்தை அரசு மானியமா கட்டுச்சு. 2022-23ல உர மானியம் மட்டும் 2.5 லட்சம் கோடியைத் தாண்டுச்சு. பொட்டாஷுக்கு நாம வெளிநாட்டையே நம்பியிருக்கோம். அங்க போர்னா இங்க உரக்கடையில வரிசை.

உரம் போட்டு, வளர்த்து, அறுத்தாச்சு. அடுத்தது கொள்முதல். நெல்லுல 17 சதவீதம் வரைக்கும் ஈரப்பதம் இருக்கலாம்ங்கிறது மத்திய அரசு விதி. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபர்ல ஒண்ணா வரும். 2025 அக்டோபர்ல கொள்முதல் நிலைய வாசல்ல குவிச்சு வெச்ச நெல் நனைஞ்சு முளைச்சது. சாக்கு இல்ல, லாரி இல்லன்னு விவசாயிகள் புலம்பினாங்க. 22 சதவீதம் வரைக்கும் வாங்க அனுமதி வேணும்னு மாநிலம் கேட்டுச்சு. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போச்சு. எங்க பெரியப்பா சொன்னது: "டெல்லியிலேர்ந்து வந்து சாம்பிள் எடுக்கறதுக்குள்ள நெல்லு நாத்தாயிடும் தம்பி."

மழை வர்ற மாசம் எல்லாருக்கும் தெரியும். அந்த ரெண்டு மாசத்துக்குத் தளர்வை ஜூன்லயே, மேட்டூர் திறக்கும்போதே அறிவிச்சா என்ன? மூட்டையை அடுக்க ஒரு கூரை, காய வைக்க ஒரு உலர்த்தி இயந்திரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் கொடுத்தா என்ன? முதல் கேள்வி டெல்லிக்கு, ரெண்டாவது சென்னைக்கு. ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினது போதும்.

கொழும்புல ஒரே நாள்ல எடுத்த முடிவு வயலைக் கெடுத்தது. இங்க எடுக்காம தள்ளிப்போடுற முடிவு கெடுக்குது. ரெண்டு இடத்துலயும் விவசாயியை யாரும் கேட்கல.

உங்க வீட்ல யாராவது நெல்லோட கொள்முதல் நிலையத்துல காத்துக் கிடந்திருந்தா, எத்தனை நாள்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைத்தான் பேசப் போறோம்.